உரைகல்லும் நாக்கும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் குடவோலைக் கல்வெட்டைத் தேடித்தான் வருகிறார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்ததைக் கல்லில் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்த ஊர்ச் சபையின் கல்வெட்டுகளில் பொன்னைப் பற்றிய ஒன்றும் உண்டு. அதுவும் முதலாம் பராந்தகன் காலத்தது. அதைத் தேடி வருகிறவர் குறைவு. ஊராரின் பொன்னை உரைத்து மாற்றுப் பார்த்துச் சொல்ல ஆள் அமர்த்தும் ஏற்பாடு அதில் இருக்கிறது. பொன் பார்க்கத் தெரிந்தவர்களின் பெயர்களையே ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுக்க வேண்டும். எடுக்கப்பட்டவர்கள் ஓரம் சாயாமல் பொன் பார்க்க வேண்டும். மெழுகை ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

மெழுகு வரைக்கும் யோசித்து எழுதியவர்களுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. கறுப்புக் கல்லில் பொன்னை இழுத்து, பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த ஆணியை இழுத்து, இரண்டு கோடுகளின் நிறத்தையும் ஒப்பிட்டுச் சொல்வதுதான் உரைத்துப் பார்ப்பது. ஒவ்வோர் இழுப்பிலும் கொஞ்சம் பொன் கல்லில் தங்கும். கல்லை ஒற்றியெடுக்கும் மெழுகில் அது சேரும். நாளெல்லாம் ஊர்ப்பொன்னை உரைக்கிறவரிடம் சில மாதங்களில் அந்த மெழுகுருண்டை ஒரு சிறு சொத்தாகிவிடும். கோட்டைக் கொஞ்சம் அழுத்தி இழுக்கும் ஆசையும் கூடவே வரும். பொன் பார்ப்பவரின் கண்ணைச் சபையார் நம்பினார்கள்; அதை விட்டால் அன்றைக்கு வேறு வழியில்லை. அவருடைய கைக்குத்தான் விதி எழுதினார்கள்.

கண்ணும் மூக்கும் நாக்கும் சொல்வதை வைத்து விலை போடப்படும் பொருள்களில் இன்று ஒயினைப் போலச் சச்சரவுக்கு உள்ளானது வேறில்லை. அதிலும் ஒரே ஒரு தோட்டத்துத் திராட்சையில் செய்த சிவப்பு ஒயின் என்றால் வாக்குவாதம் இன்னும் சூடாகும். 2018 அக்டோபரில் நியூயார்க்கில் சதபீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ரொமனே-கோன்ட்டி என்ற பிரெஞ்சு ஒயினின் ஒரு பாட்டில் 5,58,000 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 4 கோடி ரூபாய். 1945ஆம் ஆண்டு விளைச்சல் அது. அந்த ஆண்டு மொத்தமே 600 பாட்டில்தான் தேறியது. அறுவடைக்குப் பின் பழைய கொடிகளை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். புதிதாக நட்டு, அடுத்த ஒயின் வந்தது 1952இல். அந்தத் தோட்டத்தின் பரப்பு 1.81 ஹெக்டேர், ஏறக்குறைய நாலரை ஏக்கர். வேலிக் கணக்கில் சொன்னால் முக்கால் வேலிகூட இல்லை.

நாலரை ஏக்கருக்கு இப்படி ஒரு மதிப்பா என்ற கேள்வி எழும்போது, தோட்டத்தின் பெயரால் ஒயினை விற்பது என்றால் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். உலகில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி பல நிலங்களின் திராட்சையைக் கலந்து செய்வது. ஒரு தோட்டத்தில் புளிப்பு தூக்கலாக இருந்தால் இன்னொன்றின் இனிப்பு அதை ஈடுகட்டும். ஆண்டுக்காண்டு சுவை மாறாமல் பார்த்துக்கொள்ளலாம். ஒற்றைத் தோட்டத்து ஒயினில் அந்த வசதி இல்லை. மழை கெடுத்த ஆண்டு கெட்ட ஆண்டுதான். அந்த இடம், அந்த ஆண்டு, அந்தக் கை என்று மூன்றும் அப்படியே பாட்டிலுக்குள் போகின்றன. பிரான்சின் பர்கண்டி வட்டாரம் இதையே முறையாக ஆக்கிவைத்திருக்கிறது. அங்கே சுண்ணாம்புப் பாறைச் சரிவில் வரப்பும் கல்சுவரும் போட்டுப் பிரித்த 1,247 துண்டுகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. 2015இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இடைக்காலத் துறவி மடங்கள் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தில் ஒரே வகைத் திராட்சையைப் பயிரிட்டு, குடித்துப் பார்த்து, குறித்துவைத்து வந்த வேலை அது.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இது விளங்காத விஷயமல்ல. அந்தச் சபை நிலத்தைக் கல்லில் குறித்த விதமே அப்படிப்பட்டது: இன்ன வதிக்கு மேற்கே, இன்ன வாய்க்காலுக்கு வடக்கே, இத்தனையாவது கண்ணாற்றில், இத்தனையாவது சதுரத்தில் என்று ஒவ்வொரு துண்டுக்கும் முகவரி. வயிரமேக தடாகம் என்று பல்லவர் காலத்தில் பெயர் பெற்ற ஏரியின் கீழ் இன்றும் நெல் விளைகிறது. ஒரே ஏரித் தண்ணீரில், ஒரே விதையில், மதகடி நிலத்து நெல்லும் கடைமடை நெல்லும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதை அங்கே எந்த விவசாயியும் சொல்வார். திராட்சைத் தோட்டத்திலும் காரணம் இதுதான், தண்ணீர். எவ்வளவு வருகிறது, எவ்வளவு வேகமாக வடிகிறது, வேர் எவ்வளவு ஆழம் தேடிப் போகிறது என்பதைப் பொறுத்துப் பழத்தின் பருமனும் தோலின் தடிமனும் மாறுகின்றன. மண்ணில் உள்ள பாறையின் ருசி நேராகப் பழத்துக்குள் ஏறிவிடுகிறது என்ற பேச்சு விளம்பரத்தில் நிறைய வரும். நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் அதைப் பல ஆண்டுகளாக மறுத்து எழுதிவருகிறார். பாறையை நாக்கு சுவைப்பதில்லை. பாறை தண்ணீரையும் வெப்பத்தையும் நடத்தும் விதத்தின் விளைவைத்தான் சுவைக்கிறது. இந்தத் திருத்தத்தால் நிலத்தின் பெருமை குறைந்துவிடவில்லை. காரணம் மட்டுமே சரியாகியிருக்கிறது.

சுவைத்துப் பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மெல்லிய கிளாஸில் கால்பங்குக்குக் குறைவாக ஊற்றி, வெள்ளைத் துணியின்மேல் சாய்த்துப் பிடித்து முதலில் நிறம் பார்ப்பார்கள். இளம் ஒயினின் விளிம்பு நாவல்பழ நிறத்தில் இருக்கும். வயதாக ஆகச் செங்கல் நிறத்துக்கு இறங்கும். பிறகு மணம். சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றிய பின் ஒருமுறை. பழம், பூ, மிளகு, புகை, ஈர மண், தோல் என்று மூக்கு அடையாளம் காண்பவற்றுக்கெல்லாம் பின்னால் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவை வெறும் கற்பனையல்ல. அதற்குப் பிறகுதான் வாய். சிவப்பு ஒயினின் முதுகெலும்பு துவர்ப்பு. பழத்தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின் உமிழ்நீரின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டு இறுகுகிறது. வெற்றிலை பாக்குப் போட்டுப் பழகிய நாக்குக்கு இது புதிதல்ல. பாக்கிலும் துவர்ப்பது டானின்தான். அந்தத் துவர்ப்பு ஈற்றை உறுத்துகிறதா, பட்டுப்போல் படர்கிறதா. புளிப்பு அதைத் தாங்குகிறதா. சாராய வெப்பம் தொண்டையில் முந்திக்கொள்கிறதா. கடைசியாக, விழுங்கிய பின் (தொழில்முறையில் சுவைப்பவர்கள் துப்பிவிடுவார்கள்) சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது. சமநிலை, தங்கும் நேரம், செறிவு, அடுக்கடுக்கான தன்மை ஆகிய நான்கையும் வைத்துத் தரம் சொல்வார்கள்.

இவ்வளவும் கற்றுக்கொள்ளக் கூடியது. மாஸ்டர் ஆஃப் ஒயின் என்ற பட்டத்துக்கான தேர்வு 1953 முதல் நடக்கிறது. அதில் பெயர் மறைத்த 36 ஒயின்களைச் சுவைத்து, எந்தத் திராட்சை, எந்த நாடு, எந்தத் தரம் என்று காரணத்தோடு எழுத வேண்டும். பெரும்பாலோர் தோற்கிறார்கள். இந்தியாவில் வாழ்பவர்களில் அதை முதலில் வென்றவர் சோனல் ஹாலண்ட்; 2016இல். நாக்கு பொய், எல்லாம் பாசாங்கு என்று ஒரே அடியாக அடிப்பவர்கள் இந்தத் தேர்வின் வினாத்தாளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆனால் நாக்கு எவ்வளவு எளிதில் வழிதவறும் என்பதற்கும் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. 2001இல் வெளியான போர்தோ பல்கலைக்கழக ஆய்வில், ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு ஒரே வெள்ளை ஒயினை இரு விதமாகக் கொடுத்தார்கள். ஒன்று அப்படியே, மற்றொன்றில் மணமில்லாத சிவப்புச் சாயம். சாயமிட்டதை முகர்ந்து அவர்கள் எழுதியதெல்லாம் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்கள். 2008இல் கலிபோர்னியாவில் இன்னொரு ஆய்வு நடந்தது. விலை சொல்லி ஒயின் கொடுத்து, மூளையை ஸ்கேன் செய்தார்கள். 90 டாலர் ஒயினை 10 டாலர் என்று சொன்னபோது பிடித்ததைவிட 90 என்று சொன்னபோது அதிகம் பிடித்தது. மூளையில் இன்பத்தைப் பதியும் பகுதியின் இயக்கமும் கூடியது. அவர்கள் நடிக்கவில்லை. விலை உண்மையிலேயே ருசியாக மாறியிருந்தது.

இவற்றைவிட நெருடலானது ராபர்ட் ஹாட்ஜ்சனின் வேலை. அவர் ஓய்வுபெற்ற கடலியல் பேராசிரியர், சொந்தமாக ஒயின் செய்பவர். தன் ஒயின் ஒரு போட்டியில் தங்கமும் இன்னொன்றில் ஒன்றுமில்லாமலும் திரும்புவதைப் பார்த்துக் குழம்பியவர். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் அமைப்பாளர்களின் இசைவோடு, நடுவர்களுக்குப் போகும் வரிசையில் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை மூன்று இடங்களில் கலந்து வைத்தார். மூன்றுக்கும் ஒரே பதக்க அளவுக்குள் மதிப்பெண் போட்டவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். அவர்களும் அடுத்த ஆண்டு அதைத் திரும்பச் செய்வதில்லை.

அப்படியென்றால் மதிப்பிடுவதையே கைவிட்டுவிடலாமா? உத்திரமேரூர்ச் சபை அந்த முடிவுக்கு வரவில்லை. மனிதன் தவறக்கூடியவன் என்பதை அது முதற்கண் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகுதான் விதிகளை எழுதியது. 919இலும் 921இலும் எழுதிய குடவோலை விதிகளில் மிகுந்த கவனம் சென்றது ஓலையை யார் எடுப்பது, யார் வாங்குவது என்பதில்தான். ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளின் ஓலைகளும் கட்டுக்கட்டாகக் குடத்தில் விழும். கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். என்ன நடக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவர் வாசித்த பின் மண்டபத்திலிருக்கும் நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும். விரித்த கையில் வேறு ஓலைக்கு இடமில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர முடியாது. இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. இந்த ஏற்பாட்டில் பெண்களுக்கு இடமில்லை. வேதம் படித்த, நிலமும் வீடும் உள்ள பிராமண ஆண்களின் சபை அது. அந்தக் குறையை மறைத்துப் பாராட்டுவது சரியல்ல. ஆனால் தீர்ப்புச் சொல்கிறவரை எதிலிருந்தெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்ற யோசனை அங்கே முழுமையாக நடந்திருக்கிறது.

ஒயின் உலகம் அந்த யோசனைக்கு வந்து சேர்ந்த நாள் ஒன்று உண்டு. 1976 மே 24. பாரிஸில் கடை வைத்திருந்த ஆங்கிலேயர் ஸ்டீவன் ஸ்பரியர் கலிபோர்னிய ஒயின்களைப் பிரெஞ்சு நிபுணர்களுக்குச் சுவைக்கக் கொடுக்க நினைத்தார். பாட்டிலைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்ததால், பிரான்சின் புகழ்பெற்ற ஒயின்களையும் சேர்த்து, எல்லாவற்றின் பெயரையும் மறைத்துக் கொடுத்தார். ஒன்பது பிரெஞ்சு நடுவர்களில் ரொமனே-கோன்ட்டியின் பங்குதாரர் ஓபேர் த விலேனும் ஒருவர். சிவப்பில் முதலிடம் பெற்றது கலிபோர்னியாவின் ஸ்டேக்ஸ் லீப் 1973. வெள்ளையிலும் கலிபோர்னியாவின் ஷட்டோ மொன்டெலேனா 1973. நடுவர்களில் ஒருவரான ஓடெட் கான் அம்மையார் தம் மதிப்பெண் தாள்களைத் திருப்பிக் கேட்டார் என்று சொல்வதுண்டு. அங்கிருந்த ஒரே செய்தியாளர், டைம் இதழின் ஜார்ஜ் டேபர். அவர் இல்லாவிட்டால் அந்த மதியம் மறந்துபோயிருக்கும்.

அந்தக் கதையை வெற்றிக் கதையாகச் சொல்வதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். முக்கியமான பகுதி அதற்குப் பின்னால் இருக்கிறது. தோற்ற தரப்பு ஒரு நியாயமான வாதம் வைத்தது: பிரெஞ்சு ஒயின்கள் வயதானால்தான் திறக்கும், இளமையில் ஒப்பிட்டது தவறு. அதையும் சோதித்தார்கள். சரியாக முப்பது ஆண்டு கழித்து, 2006இல், அதே சிவப்பு ஒயின்களை லண்டனிலும் நாபாவிலும் ஒரே நாளில் மறைத்துச் சுவைத்தார்கள். முதலிடம் ரிட்ஜ் நிறுவனத்தின் மான்டி பெல்லோ 1971. மலைமேல் உள்ள ஒரே தோட்டத்தின் திராட்சை அது. 1976இல் ஐந்தாவதாக வந்தது. சிலவற்றின் மதிப்பைச் சொல்ல ஒரு மதியம் போதாது. முப்பது ஆண்டு காத்திருந்து மீண்டும் மறைத்துப் பார்க்க மனமிருந்தால்தான் ஒரு நிலத்தைப் பற்றித் துணிந்து பேச முடியும்.

திறமை மட்டும் இருந்து, கட்டு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ரூடி குர்னியவானைக் காட்டலாம். இந்தோனேசியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இளைஞர். அவருடைய நாக்கை மூத்த சேகரிப்பாளர்களே வியந்தார்கள். அந்த நாக்கை வைத்துத்தான் விலை குறைந்த ஒயின்களைக் கலந்து, பழைய பர்கண்டியின் சுவையை ஏறக்குறையக் கொண்டுவந்து, பழைய லேபிள் ஒட்டி விற்றார். அவற்றை வாங்கியவர்களும் குடித்தவர்களும் தேர்ந்த ரசிகர்கள். 2008இல் ஒரு நியூயார்க் ஏலத்தில் பொன்சோ குடும்பத்தின் குளோ சான்-தெனி என்ற தோட்டத்து ஒயின்கள் 1945 முதல் 1971 வரையிலான ஆண்டுகளோடு பட்டியலில் வந்தன. லொரான் பொன்சோ நேரில் வந்து அவற்றை ஏலத்திலிருந்து எடுக்கச் செய்தார். அவர் எதையும் சுவைத்துப் பார்க்கவில்லை. அந்தத் தோட்டத்து ஒயினை அவர்கள் குடும்பம் செய்யத் தொடங்கியதே 1982இல்தான். கணக்குப் புத்தகம்தான் மோசடியைப் பிடித்தது. 2013இல் குற்றம் உறுதியானது. 2014இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை. கணக்குக் காட்டாதவனைக் குடத்தின் பக்கமே விடாதே என்று உத்திரமேரூர்க் கல் சொல்வதன் காரணம் இங்கே புரிகிறது.

போலித் தோட்டப் பெயர் தமிழ்க் கரைக்கும் புதிதல்ல. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைச் சொல்கிறார். அந்த மது வந்த சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டில் நிறையக் கிடைத்தன. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். பிற்பாடு எலிசபெத் லைடிங் வில் அந்தச் சாடிகளைக் களிமண்ணும் வடிவும் பார்த்து வகைப்படுத்தினார். கிரேக்கத் தீவான கோஸின் ஒயின் சாடிகள் அவற்றில் உண்டு. அந்தத் தீவின் ஒயின் பெயர்பெற்றது. கடல்நீர் கலந்து செய்வது. அதே வடிவில் இத்தாலியில் செய்த சாடிகளும் உண்டு. கோஸ் பாணி ஒயினை இத்தாலியிலேயே செய்துகொள்ளும் முறையை ரோமானியரான கேட்டோ தம் வேளாண் நூலில் எழுதியே வைத்திருக்கிறார். ஆக, ஈராயிரம் ஆண்டுக்கு முன் தமிழ்க் கரையில் இறங்கிய சாடியைத் திறந்தவர் தீவின் ஒயினைக் குடித்தாரா, அதன் நகலைக் குடித்தாரா என்பதை அவர் நாக்கு சொல்லியிருக்குமோ என்னவோ. சாடியின் களிமண் இன்றும் சொல்கிறது.

பாலாறு கடலில் சேரும் வயலூருக்குப் பக்கத்தில் வசவசமுத்திரம் இருக்கிறது. 1970இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோதும் இத்தகைய சாடித் துண்டுகள் கிடைத்தன. இந்தியக் கரையோரத்தில் ரோமானியச் சாடி என்று கருதப்பட்டவற்றில் கணிசமானவை மெசொப்பொத்தேமியப் பக்கத்துச் சாடிகள் என்று ஆய்வாளர் ராபர்ட்டா டோம்பர் பின்னர் காட்டினார். பிறந்த ஊரைப் பற்றிய தீர்ப்பு அறிஞர்களிடையேகூட ஒருமுறையில் முடிவதில்லை.

இறக்குமதிச் சாடிகள் அரசர்களுக்கும் வணிகர்களுக்கும். காஞ்சி வட்டாரத்தின் சொந்த மது வேறு. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதன் செய்முறையை ஏறத்தாழ முழுமையாகத் தந்திருக்கிறார். குற்றாத அரிசியைக் கூழாக்கி, வாயகன்ற தட்டில் ஆற்றி, இடித்த முளைநெல்லைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவது. முளைவிட்ட தானியம் மாவை இனிப்பாக்கும், இனிப்பு புளித்து மதுவாகும் என்ற வேதியியல் அத்தனையும் அதில் அடங்கியிருக்கிறது. காலங்காலமாக நெல் விளையும் ஊரில், தன் வயல் அரிசியில் செய்த மது. ஒற்றை நிலத்து மது என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமானது வேண்டியதில்லை. அதற்குத் தோட்டப் பெயரும் லேபிளும் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்று அந்த மரபு அறுந்துவிட்டது. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. அரசின் டாஸ்மாக் கடை ஒரு பக்கம், மறைவில் விற்கும் சாராயம் மறு பக்கம். 2023 மே மாதம் மரக்காணத்திலும், உத்திரமேரூருக்குப் பக்கத்து மாவட்டமான செங்கல்பட்டின் சித்தாமூர் பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். மெத்தனாலின் மணமும் சுவையும் சாதாரண மதுச் சாராயத்துக்கு மிக நெருக்கமானவை. நாற்பதாண்டு குடித்துப் பழகிய நாக்கும் அதைக் கண்டுகொள்ளாது. ஒயின் நடுவர்களின் நாக்கு தவறினால் ஒரு பதக்கம் இடம் மாறும். இங்கே நாக்கு தவறினால் ஒரு குடும்பத்துக்கு நாதியில்லாமல் போகும். எது எங்கே காய்ச்சப்பட்டது, எதைக் கலந்தது, யார் கை மாறியது என்ற கணக்குக் கேட்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் அந்த ஊர்களின் துக்க வீடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். பிறப்பிடத்தைச் சரிபார்ப்பது ஏழைக்குத்தான் முதலில் தேவைப்படுகிறது.

பாலாற்றின் மறுமுனைக்குப் போனால் திராட்சைத் தோட்டம் வருகிறது. கர்நாடகத்து நந்தி மலைப்பகுதியில்தான் ஆறு தோன்றுகிறது. அதே மலையடிவாரத்தில் கன்வல் குரோவர் 1980களின் பிற்பகுதியில் பிரெஞ்சுத் திராட்சை வகைகளை நட்டார். 1990களின் நடுவில் போர்தோவின் புகழ்பெற்ற ஆலோசகர் மிஷேல் ரோலன் வந்து சேர்ந்தார். இன்று குரோவர் ஸாம்பா என்ற பெயரில் அந்த ஒயின்கள் விற்கின்றன. பர்கண்டியில் பனிக்காலம் வந்தால் கொடி தானாகத் தூங்கும். இங்கே குளிர் போதாது; கொடி ஓய்வதில்லை. ஆண்டுக்கு இருமுறை கவாத்துச் செய்து, மழைக்காலத்தைக் கடந்து, ஒரு மகசூலை மட்டும் கோடை முற்றுவதற்கு முன் எடுக்கிறார்கள். தென்னிந்திய நிலம் ஒன்றின் குணம் ஒயினில் எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு ஐரோப்பிய நூல்களில் விடையில்லை. நந்தி மலையடிவாரக் கொடிகளில் மிகப் பழையவற்றின் வயதும் இன்னும் நாற்பதைச் சுற்றித்தான். எந்தத் துண்டு நிலம் தனிப்பெயருக்கு உரியது என்று முடிவு கட்ட இது மிகச் சிறிய காலம். சீக்கிரம் முடிவு கட்டி விலையை ஏற்றுவது நிலத்துக்கே இழுக்கு.

அத்தகைய பாட்டில் ஒன்றுக்கு அதிக விலை கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அதே செய்வோரின் சாதாரணக் கலப்பு ஒயினையும் தோட்டப் பெயர் போட்ட ஒயினையும் வாங்க வேண்டும். பாட்டில்களைத் துணியால் சுற்றிவிட வேண்டும். சுவைக்காத ஒருவர் வேறு அறையில் நின்று மூன்று கிளாஸ்களில் ஊற்ற வேண்டும்: இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. ஊற்றியவர் கொண்டுவந்து தராமல், விவரம் தெரியாத இன்னொருவர் கொண்டுவர வேண்டும், முகக்குறி காட்டிக்கொடுக்கும். வேறான கிளாஸ் எது என்று ஒவ்வொருவரும் பேசாமல் எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும் என்பதால் ஒருமுறை போதாது. பலமுறை, பல நாள். எங்கள் ஊர் வெயிலில் சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்கவும் கூடாது. 16 முதல் 18 டிகிரிக்குக் குளிர்வித்தால்தான் துவர்ப்பும் மணமும் அதனதன் இடத்தில் நிற்கும். வேறுபாடு தொடர்ந்து தெரிந்தால் அடுத்த ஆண்டு விளைச்சலோடு மறுபடியும் பார்க்க வேண்டும். வெவ்வேறு மழை கண்ட மூன்று விளைச்சல்களிலும் அதே குணம் தலைகாட்டினால், தோட்டத்தின் பெயருக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்ற பேச்சை அப்போது தொடங்கலாம்.